ஏற்காட்டுக்கு கேனான் எஸ்எக்ஸ்70: எடை குறையும், எது போகும்?

ஏற்காட்டில் பறவைப் படம் எடுக்க, பழைய கேனான் 7டி மார்க் 2 டிஎஸ்எல்ஆருக்கு (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) பதில் லென்ஸ் மாற்றாத எஸ்எக்ஸ்70 போதுமா? 7டி மார்க் 2 பாடியும் 100-400 மி.மீ. லென்ஸும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70 எச்எஸ் பேட்டரி, கார்டோடு 610 கிராம்தான். 21 முதல் 1365 மி.மீ. வரை ஜூம். சேர்வராயன் கோயில் பக்கம் நாள் முழுக்க நடப்பவருக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும்.

ஆனால் ஒளியைப் பதியும் சென்சார் 1/2.3 அங்குல வகை, 7டி மார்க் 2 சென்சார் பரப்பில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். முழு ஜூமில் அபர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) எஃப்/6.5, அதாவது குறுகியது. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் செம்மீசைச் சின்னானை 1/500 நொடி ஷட்டர் வேகத்தில் எடுக்கப் பார்த்தால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 1600-ஐத் தாண்டும், இறகின் நுணுக்கம் குழைந்துபோகும். உட்கார்ந்த பறவைக்கு 1/125 வைத்து, மூச்சடக்கி, நாலைந்து ஷாட் தொடர்ந்து எடுங்கள்; கேமராவின் ஸ்டெபிலைசேஷன் கைநடுக்கத்தைத் தாங்கும், பறவையின் அசைவைத் தாங்காது. ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுத்தால் நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, நீங்களே அளவாகக் குறைக்கலாம். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள்.

பறவை பிரேமை விட்டு நழுவினால் லென்ஸ் பக்கவாட்டிலுள்ள பிரேமிங் அசிஸ்ட் பட்டனை அழுத்துங்கள், ஜூம் பின்வாங்கும், விட்டால் திரும்பும். அருமையான வசதி. ஆனால் பறக்கும் தகைவிலானை எடுக்க டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும், அதற்காக அதை விற்காதீர்கள்.

லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து மதியம் சேலத்தை 1365-ல் எடுத்தால் கானல் அலைதான் பதியும். குற்றம் லென்ஸுடையதல்ல, இடையிலுள்ள சூடான காற்றுடையது; மழை ஓய்ந்த காலையில் முயலுங்கள்.

மூடுபனியில் கவனம்: எஸ்எக்ஸ்70-க்கு வெதர் சீலிங் (ஈரம், தூசி புகாத காப்பு) கிடையாது, லென்ஸ் நீளும்போது ஈரக்காற்றையும் உள்ளே இழுக்கும். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.