வெள்ளி மணிக்குக் கறுப்பு ரப்பரா, சிலிக்கானா?

ராயபுரத்தில் வீட்டிலிருந்தே மணிமாலை கோத்து விற்கிறேன். மெழுகு நூல், கறுப்பு ரப்பர் டியூப், சிலிக்கான் டியூப் மூன்றிலும் கோத்துப் பார்த்தாயிற்று. இப்போது வெள்ளி மணி என்றால் சிலிக்கான்தான்.

மெழுகு நூல் மலிவு, முடிச்சு நன்றாக நிற்கும். ஆனால் நம்மூர் மே மாத வியர்வையைக் குடித்துவிட்டு நாறும். அதை விடுங்கள்.

அழகு என்று பார்த்தால் கறுப்பு ரப்பர்தான். பளபளப்பில்லாத அந்தக் கறுப்பில் வெள்ளி எடுப்பாகத் தெரியும். ஆரம்பத்தில் நான் விற்றதெல்லாம் 2 மி.மீ. ரப்பர் டியூப் மாலைகளே. இரண்டு மாதம் போயிருக்கும், தண்டையார்பேட்டைப் பெண் ஒருத்தி மாலையும் கையுமாக வந்து நின்றாள்: "வெள்ளின்னு சொன்னீங்களேக்கா, இப்படிக் கறுத்துப் போச்சே!" திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் திரும்பவும் வந்தாள்.

கடற்காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். சந்தேகம் தீர, ஒரு டப்பாவில் வெறும் மணி, இன்னொன்றில் ரப்பரில் கோத்த மணி என்று ஒரே பீரோவில் வைத்தேன். ரப்பரில் இருந்தது முந்திக் கறுத்தது, அதுவும் துளை விளிம்பிலிருந்து. வேலையைக் காட்டியது கந்தகம். ரப்பர் பாலை வெறுமனே உலர்த்தினால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கித்தான் உறுதியாக்குகிறார்கள். மிச்சக் கந்தகம் மெல்ல வெளியேறி வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி சல்பைடு, அதுதான் அந்தக் கறுப்பு. கொலுசை ரப்பர் பேண்டு போட்டு எடுத்துவைத்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். தேய்த்தால் போகும், ரப்பர் கூடவே இருந்தால் திரும்ப வரும். மாலை வாங்கியவர் மாதாமாதம் திருநீறும் துணியுமாக உட்காருவாரா? பின்னலிலிருந்து வழியும் தேங்காய் எண்ணெய் பட்டு ரப்பர் உப்புவது தனிக் கதை.

சிலிக்கானைக் கெட்டியாக்கக் கந்தகம் தேவையில்லை. எண்ணெய் பட்டாலும் சோப்புத் தண்ணீரில் அலசினால் போதும். நான் ஒன்றரை வருஷமாகத்தான் பயன்படுத்துகிறேன்; ரப்பர் மாலை அளவுக்கு யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை என்பது வரைக்கும் சொல்லலாம். குறையும் உண்டு. தூசி ஒட்டும், பிடரி மயிரைச் சுண்டும். கண்ணாடி நிறத்தில் வாங்கினால் "ஆஸ்பத்திரி டியூபா?" என்பார்கள், கறுப்பாக வாங்குங்கள். சாதாரணப் பசை அதில் ஒட்டாது. அதனால் காசிமேட்டில் வாங்கும் தூண்டில் நரம்பை டியூப்புக்குள் விட்டு, முடிச்சை மணிக்குள் மறைத்துவிடுவேன். பாரம் தாங்குவது நரம்பு, டியூப் அதற்குச் சட்டை.

மீந்த ரப்பர் சுருளைத் தூக்கிப்போட மனசில்லை. குட்டிக் குட்டியாக வெட்டிச் சுடுமண் மணிகளுக்கு நடுவே போடுகிறேன். ஒன்றோடொன்று இடித்து விளிம்பு உதிர்வதில்லை. சுருளை மட்டும் வெள்ளி இருக்கும் பீரோவில் வைப்பதில்லை, சமையலறை மேல்தட்டில் கிடக்கிறது.