முதலில் ஹவுசிங், பிறகுதான் கமரா: நுவரெலியாவிலிருந்து ஒரு நீரடி கமரா அனுபவம்

தண்ணீருக்குள் படம் எடுக்க டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த கமரா என்று நான் கேட்பதில்லை. எந்த ஹவுசிங், அதாவது கமராவை அடைக்கும் நீர்புகாப் பெட்டி, கையில் கிடைக்கும் என்றுதான் கேட்பேன். நோட்டிகாம், ஐக்லைட், அக்குவாட்டிகா என்று எந்தக் கம்பனியின் நீர்புகாப் பெட்டியை எடுத்தாலும் அது ஒரு குறிப்பிட்ட மொடலின் பட்டன்களுக்கு அளவெடுத்துச் செய்தது. கமராவை மாற்றினால் பெரும்பாலும் பெட்டியையும் மாற்ற வேண்டும். புதிய அலுமினியப் பெட்டிக்கு கமராவை விடக் கூடுதலாகக் காசு போகும். அதனால் பாவித்த பெட்டி ஒன்றை முதலில் பிடித்தேன். அதற்குள் போகிற கெனன் 70டி பிறகு வந்தது.

2013இல் வந்த கமரா அது. இன்னும் அதை வைத்திருக்கக் காரணம் வீடியோ. டிஎஸ்எல்ஆரில் வீடியோ தொடங்கியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பிவிடும், வியூஃபைண்டர் இருண்டுவிடும். அந்தக் காலத்து மற்ற டிஎஸ்எல்ஆர்கள் பலவற்றில் அதன்பிறகு ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். மீன் அதுவரை காத்திருக்குமா? சென்சரிலேயே ஃபோகஸ் பார்க்கும் 70டியின் டூவல் பிக்சல் முறை அந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. 4கே கிடையாது, 1080தான். எனக்கு அது போதும்.

புகைப்படம் மட்டும் போதும் என்பவர் நிக்கோன் டி7200 தேடலாம். நிழலிலிருந்து விபரத்தை மீட்டெடுப்பதில் அது 70டியை விட ஒரு படி மேல். நிக்கோன் டி500இல் 4கே உண்டு, ஆனால் கமரா உடம்போடு சேர்ந்த சின்ன பிளாஷ் இல்லை. வெளி பிளாஷ்களை ஃபைபர் கேபிளால் இயக்க அந்தச் சின்ன பிளாஷ்தான் உதவும். அது இல்லையென்றால் தனியாக ஒரு ட்ரிகர் வாங்க வேண்டும். 70டியைப் பற்றிக் கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் தொடுதிரையும் திரும்பும் திரையும் பெட்டிக்குள் போனதும் செத்த விசயம். கெனனும் நிக்கோனும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் விடவில்லை. பாவித்த சாமான் தேடுகிறவருக்கு அது நல்ல செய்திதான்.

பெட்டியின் முன்பக்கக் கண்ணாடிக்கு வருவோம், படத்தின் தரத்தை அதுதான் தீர்மானிக்கிறது. தட்டையான கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீரின் ஒளிவிலகலால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். சின்ன உயிர்களை நெருங்கி எடுக்கும் 60 மில்லிமீற்றர் மெக்ரோவுக்கு அது வசதி. அகலக் கோணத்துக்கு அரைக்கோளக் கண்ணாடி, அதாவது டோம், இல்லாமல் முடியாது. டோமுக்குப் பின்னால் லென்ஸ் பார்ப்பது கண்ணாடிக்குக் கொஞ்சம் முன்னால் விழும் மாயப் பிம்பத்தை. ஆகவே மிக அருகில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ் வேண்டும். மிக அகலமாகப் பார்க்கும் டொக்கினா 10-17 ஃபிஷ்ஐ லென்ஸ் அதில் கில்லாடி. கமராவோடு வரும் கிட் லென்ஸைப் போட்டால் மூலைகள் கரைந்து நிற்கும், லென்ஸின் துவாரத்தை எஃப்11 வரை சுருக்கினால்தான் கொஞ்சம் தேறும்.

"மலையில இருந்துகிட்டு உனக்கு எதுக்குடா கடல் கமரா?" என்று கூட்டாளிமார் கேட்பது வழக்கம். பெரிய டோம் இருந்தால் முழங்கால் ஆழத்து ஓடையிலேயே பாதி தண்ணீர், பாதி தேயிலை மலை என்று ஒரே படத்தில் பிடிக்கலாம்: மேலே கொழுந்து பறிக்கும் நிரை, கீழே கல்லைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சல் போடும் மீன்கள். கீழ்ப்பாதி இருட்டாக இருக்கும், பிளாஷை அதற்குத்தான் திருப்ப வேண்டும். டோமில் எச்சில் தடவி நீரில் ஒரு தடவை முக்கி எடுத்தால் மேல்பாதியில் துளி நிற்காது. பெரிய மழைக்கு அடுத்த நாள் போகாதீர்கள். மலைச்சரிவு மண்ணெல்லாம் ஓடையில்தான் இருக்கும், மேலே பெய்த மழைக்குக் கீழே தண்ணீர் திடீரென்று ஏறவும் செய்யும். இந்த ஓடைகள் மட்டும்தான் உங்கள் திட்டம் என்றால், உள்ளங்கையில் அடங்கும் சின்ன நீர்புகா கமராவே தாராளம்.

தென்மேற்குப் பருவம் இங்கே கொட்டோ கொட்டென்று கொட்டும் மாதங்களில்தான் நிலாவெளிக் கடல் தெளிந்து கிடக்கும். புறாமலைத் தீவைச் சுற்றி கருமுனைச் சுறாக் குட்டிகளை சிலிண்டர் இல்லாமல் ஸ்நோர்கல் எனும் மூச்சுக்குழாயோடே எடுக்கலாம். ஆழம் போகப் போக முதலில் சாவது சிவப்பு. பிளாஷ் எட்டாத வீடியோவுக்கு வெள்ளைச் சமநிலையை, அதாவது நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, அந்தந்த ஆழத்தில் கையால் வைக்க வேண்டும். 70டியில் அதற்கு மணல் திட்டைப் படமெடுத்து, பிறகு மெனுவுக்குள் போய் அந்தப் படத்தைத் தெரிவு செய்ய வேண்டும். கையுறையோடு செய்யும்போது வாயில் கெட்ட வார்த்தை வரும், வாயில் குழாய் இருப்பதால் வெளியே வராது.

மலையில் வசிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, பெட்டியோடு வரும் கையேடு அதைச் சொல்லாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வீட்டிலேயே பெட்டியைப் பூட்டிக்கொண்டு நிலாவெளியில் இறங்கினால், கதவின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் வெளிக்காற்று சுமார் 200 கிராம் பாரத்தோடு உள்நோக்கி அழுத்தும். உள்காற்று சூடாவதால் இதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கையால் இழுத்துத் திறப்பது கஷ்டம். எனக்கு இது பிடித்திருக்கிறது: கதவு லேசாகத் திறந்துகொண்டால் வழியில் காற்று புகுந்திருக்கிறது, கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் முடியோ மணலோ இருக்கிறது என்று தெரியும். செலவில்லாத கசிவுச் சோதனை. ஆனாலும் பம்ப் வைத்துச் செய்யும் வெற்றிடச் சோதனையைக் கரையில் நான் விடுவதில்லை. இன்னொரு லாபம், குளிர்ந்த மலைக்காற்றில் ஈரத்தின் மொத்த அளவு குறைவு. அதை அடைத்துக்கொண்டு போனால் 28 பாகை கடலில் உள்ளே பனி படியாது. ஓடைக்குப் போகும்போதும் இதே நியாயம்: சூடான அறையில் பூட்டாமல், விடியற்காலை வெளியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பூட்டுங்கள்.

திரும்பும்போது எல்லாம் தலைகீழ். கடற்கரையில் பூட்டிய பெட்டியை மேலே கொண்டுவந்தால் உள்ளிருக்கும் காற்று கண்ணாடியை வெளியே தள்ளும். ஆகவே கதவைத் திறந்து, ஓ-ரிங்கைக் கழற்றித் தனியாக வைத்து எடுத்து வருகிறேன். வீட்டில் லென்ஸுக்கு 40-50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் மின்சார உலர்பெட்டி கட்டாயம். இங்குள்ள மூடுபனியில் பூஞ்சணம் பிடிப்பது அவ்வளவு சுலபம், அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைப்பதை விட மோசமான இடம் இல்லை.

சிலிண்டர் போட்டு முங்கியவருக்கு உடம்பிலும் இதே அழுத்தக் கணக்குத்தான்: ஆழத்தில் உடம்பில் கரைந்த வாயு, அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழாகலாம். முங்குவோரின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல்படி, 2,000 அடிக்கு மேல் பறப்பதற்கு முன் ஒரு முங்கலுக்குப் பிறகு குறைந்தது 12 மணித்தியாலமும், பல முங்கல்களுக்குப் பிறகு 18 மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும். விமானத்துக்குச் சொன்னாலும் மலையேறும் பஸ்ஸுக்கும் அதுவேதான். நுவரெலியா 6,000 அடியைத் தாண்டியது. ஆகவே கடைசி முங்கல் முடிந்ததும் தம்புள்ளையில் ஒரு இரவு தங்குகிறேன். அது தாழ்ந்த இடம், மாத்தளை தாண்டினால்தான் ஏற்றம். மட்டக்களப்பிலிருந்து பதுளை வழியாக வருகிறவர் மகாஓயாப் பக்கம் நிற்கலாம். ஸ்நோர்கல் மட்டும் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், அன்றிரவே பஸ் ஏறலாம்.