வள்ளிக்கொடிக்கு எந்தக் கொழுகொம்பு?

பினாங்கு பசாரில் ‘யாம்’ என்று கேட்டால் கெலாடியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது சேப்பங்கிழங்கு இனம். நான் பேசுவது கொடியாக ஏறும் வள்ளிக்கிழங்கைப் பற்றி: பொங்கலுக்குத் தாத்தா வீட்டில் அவிக்கும் சிறுவள்ளி, அப்புறம் ஒரே கிழங்கு கிலோக்கணக்கில் திரளும் பெருவள்ளி. நிபோங் திபாலில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் துண்டு நிலத்தில் நான்கு வருடமாக இரண்டையும் நட்டு வருகிறேன். பார்க்க வருபவர்கள் என்ன உரம் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பு கொடி எதில் ஏறும் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

தரையில் படரவிட்டால் செலவே கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் மழை குறைந்த புல்வெளிப் பகுதிகளில் பலர் அப்படித்தான் விடுகிறார்கள். நம் செப்டம்பர், அக்டோபர் மழைக்கு அது ஒத்துவராது. முதல் வருடம் பெருவள்ளியைப் படரவிட்டேன். மண்ணிலிருந்து மழைநீர் தெறித்துத் தெறித்து, ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை பிடித்து, கிழங்கு பெருக்க வேண்டிய நேரத்தில் இலையெல்லாம் கறுத்துப் போனது. தோண்டினால் உள்ளங்கை அளவுக் கிழங்கு. பக்கத்திலிருந்த சிறுவள்ளி அந்த அளவுக்கு அடிபடவில்லை.

மூங்கில் கம்பு நட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் இலைக்கு வெயிலும் காற்றும் கிடைக்கின்றன. ஆனால் ஈரக் களிமண்ணில் அடி சீக்கிரம் மக்கிவிடும். திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். ஒரு தோட்டம் முழுக்க இப்படிச் செய்தால் கம்புக்காகவே காடு அழியும்.

என் மனதுக்குப் பிடித்தது கிளைரிசிடியா. முற்றிய கிளையைப் போத்தாக நட்டால் வேர்விட்டு மரமாகவே நிற்கும். வேரில் காற்றின் நைட்ரஜனைச் சேர்க்கும். கழிக்கும் தழையைக் கிழங்கு நட்ட மேட்டின் மேல் போட்டால் மூடாக்கும் ஆச்சு, உரமும் ஆச்சு. பற்றாததற்குச் செம்பனை மட்டையை நறுக்கிப் போடுகிறேன், களை அடங்குகிறது. ஒரே நிபந்தனை, கவாத்து தவறக்கூடாது. ஒருமுறை இரண்டு மாதம் விட்டுவிட்டேன், நிழலில் கொடி வெளிறிவிட்டது. வேர் போட்டி போடாதபடி மேட்டைச் சற்றுத் தள்ளி அமைப்பதும் நல்லது.

தாமான் குடியிருப்பு வீட்டுக்காரர்களுக்கு மரமெல்லாம் வேண்டாம். பழைய அரிசிச் சாக்கில் மக்கிய உரமும் மண்ணும் நிரப்பி, அடியில் துளையிட்டு, வேலிக் கம்பியோரம் வையுங்கள். கொத்துக் கொத்தாகச் சின்னதாய் விளையும் சிறுவள்ளிதான் சாக்குக்குச் சரி.

விதைக்கு முழுக் கிழங்கை மண்ணில் போட எனக்கு மனம் வருவதில்லை. நைஜீரியாவின் உமுடிகே ஆராய்ச்சி நிலையம் பரப்பிய சிறுதுண்டு முறையில், தோலோடு 25 கிராம் துண்டாக வெட்டிச் சாம்பலில் புரட்டி முளைக்க வைக்கலாம். முதல் அறுவடை விதைக்கிழங்கு அளவில்தான் வரும். அவசரமில்லாதவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

இப்போது தொடங்குகிறவர்கள் ஏப்ரல் மழைக்கு மூங்கிலை நட்டு, அதே நாளில் பக்கத்தில் ஒரு போத்தையும் ஊன்றிவிடுங்கள். பொங்கலையொட்டிக் கொடி காய்ந்து கிழங்கு எடுப்பீர்கள். மூங்கில் மக்கும்போது மரம் கொடியைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும்.