ஃபெடரல் ரெஜிஸ்டர் தளம்: ராணுவச் சட்டத்தின் முன்னறிகுறி தேடுவோருக்கு எந்த அளவுக்குப் பயன்படும்?

அமெரிக்க மத்திய அரசின் அரசிதழ்தான் ஃபெடரல் ரெஜிஸ்டர். 1936 மார்ச் 14 அன்று முதல் இதழ் வந்தது. அரசு விடுமுறை போக, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஓர் இதழ். இதன் இணையதளத்துக்குக் கட்டணம் இல்லை. கணக்கு தொடங்காமலே எல்லாவற்றையும் படிக்கலாம். “ராணுவச் சட்டம் வரப்போகிறது, ஆணை தயார்” என்று ஒரு படமோ காணொளியோ சுற்றும்போது, மூல ஆவணத்தைத் தேடிப் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் என்ன சொல்லைத் தேடுவது என்று தெரியாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

பலரும் செய்யும் முதல் தவறு, தேடல் பெட்டியில் ‘மார்ஷியல் லா’ (ராணுவச் சட்டம், அதாவது சிவில் நிர்வாகத்தை ராணுவம் கையில் எடுப்பது) என்று தட்டுவது. வேறு நாட்டு நிலவரம் பேசும் ஆவணங்களும் பழைய வரலாற்றுக் குறிப்புகளும் வந்து குவியும்; தேவையானது வராது. காரணம் எளிது. ராணுவச் சட்டம் என்றால் என்ன, அதை யார், எப்படி அறிவிக்க வேண்டும் என்று வரையறுக்கும் மத்தியச் சட்டம் எதுவும் அமெரிக்காவில் கிடையாது. 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயில் ராணுவச் சட்டத்தை அறிவித்தவர்கூட அந்தப் பிரதேசத்தின் ஆளுநர் ஜோசப் பாயின்டெக்ஸ்டர்தான். 1944 அக்டோபர் வரை அது நீடித்தது. பொதுமக்களை ராணுவ நீதிமன்றங்கள் விசாரித்ததற்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1946-இல். அதனால் பெயரை விட்டுவிட்டுச் சட்டப் பிரிவு எண்களைத் தேட வேண்டும். படையை உள்நாட்டில் இறக்கும் எந்த ஆணையும் ஏதோ ஒரு பிரிவைச் சாய்மானமாகக் காட்டியாக வேண்டியிருக்கும்.

விழிப்பூட்டல் அமைக்கும் முறை இது. மேம்பட்ட தேடலுக்குப் போய், ஆவண வகையில் குடியரசுத் தலைவர் ஆவணங்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும். தேடல் சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடவும். போடாவிட்டால் சொற்கள் சிதறிய ஆவணங்களும் வரும். முடிவுகள் வந்த பக்கத்திலேயே ‘சப்ஸ்கிரைப்’ பொத்தான் இருக்கும். மின்னஞ்சல், ஆர்எஸ்எஸ் (புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் ஓடை) இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஒரே தேடலில் எல்லாவற்றையும் திணிக்காமல் நான்கு தனித்தனிச் சந்தாக்களாக வைப்பது நல்லது. ஒன்று, ‘இன்சரக்‌ஷன் ஆக்ட்’ என்ற பெயர்; உள்நாட்டில் படையைப் பயன்படுத்தக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தரும் கிளர்ச்சிச் சட்டம் இது. இரண்டு, அதே சட்டம் இடம்பெறும், அமெரிக்கச் சட்டத்தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 251 முதல் 254 வரையான பிரிவுகள். மூன்று, வழக்கமாக மாநில ஆளுநர்களின் கீழ் இருக்கும் தேசியக் காவல்படையை மத்திய பணிக்கு அழைக்கும், அதே தலைப்பின் 12406-ஆம் பிரிவு. நான்கு, ‘நேஷனல் எமர்ஜென்சிஸ் ஆக்ட்’ என்னும் தேசிய அவசரநிலைச் சட்டம். சொற்களே இல்லாமல், குடியரசுத் தலைவர் ஆவணங்கள் அனைத்துக்கும் ஐந்தாவதாக ஒரு சந்தாவும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கும் தவறவிடுவதை அது பிடிக்கும்.

எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. கிளர்ச்சிச் சட்டத்தின் பிரிவுகள் 2016 டிசம்பர் வரை 331 முதல் 335 வரை, அத்தியாயம் 15 என்று இருந்தன. பிறகுதான் 251 முதல் 255, அத்தியாயம் 13 ஆயின. பழைய ஆவணங்களோடு ஒப்பிட விரும்புகிறவர் இரண்டு எண்களையும் தேட வேண்டும். தவிர, இந்தத் தளத்தில் முழு உரைத் தேடல் 1994-இலிருந்துதான் வேலை செய்யும். அதற்கு முந்தைய இதழ்களுக்கு அரசு அச்சகத்தின் கவ்இன்ஃபோ தளம். 1936-இன் முதல் இதழிலிருந்தே அங்கே பிடிஎஃப் கிடைக்கும்.

எந்த ஆவணம் உண்மையான அபாயச் சங்கு என்று அறிய, இதற்கு முன் வந்தவற்றைக் கையில் எடுத்துப் பார்ப்பதுதான் வழி. கிளர்ச்சிச் சட்டத்தின் 254-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: படையைப் பயன்படுத்துவது அவசியம் என்று கருதும் குடியரசுத் தலைவர், கிளர்ச்சியாளர்கள் கலைந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் அமைதியாக அவரவர் இருப்பிடம் திரும்புமாறு உடனே பிரகடனம் வெளியிட வேண்டும். 1957 செப்டம்பர் 23 அன்று குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர், பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்த ஆர்கன்சா விவகாரத்தில் வெளியிட்ட 3204-ஆம் பிரகடனம் அப்படிப்பட்டது. மறுநாளே 10730-ஆம் நிர்வாக ஆணை வந்து படையை இறக்கியது. 1992 மே 1 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் கலவரத்துக்கு 6427-ஆம் பிரகடனமும் 12804-ஆம் நிர்வாக ஆணையும் ஒரே நாளில் வந்தன. ஆக, முதலில் ‘கலைந்து போங்கள்’ என்னும் பிரகடனம், அதை ஒட்டியே பாதுகாப்பு அமைச்சருக்கு அதிகாரம் தரும் ஆணை என்று இவை ஜோடியாக வருபவை. ‘கலைந்து’ என்பதற்கான ஆங்கிலச் சொல் ‘டிஸ்பர்ஸ்’. அதையும் ஒரு தேடலாகச் சேர்த்து வைப்பது வீண் போகாது.

தேசிய அவசரநிலை வேறு சங்கதி. இதில்தான் வீண் பதற்றம் மிக அதிகம். 1976-ஆம் ஆண்டின் தேசிய அவசரநிலைச் சட்டப்படி, ஓர் அவசரநிலை ஆண்டு நிறைவு நாளில் தானாகவே காலாவதியாகும். அதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நீட்டிப்பு அறிவிப்பை அரசிதழில் வெளியிட்டு நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினால்தான் அது தொடரும். ஈரான் தொடர்பாக 1979 நவம்பர் 14 அன்று அறிவித்த அவசரநிலை இப்படித்தான் ஆண்டுதோறும் நீண்டு வந்திருக்கிறது. ‘தேசிய அவசரநிலை நீட்டிப்பு’ என்ற தலைப்பில் மாதத்துக்கு இரண்டு மூன்று அறிவிப்புகள் வந்தால் அது வழக்கமான அலுவலக வேலை. பெரும்பாலானவை பொருளாதாரத் தடைகள் சார்ந்தவை.

கூர்ந்து பார்க்க வேண்டியது இன்னொன்று. அவசரநிலையை அறிவித்துவிட்டால் மட்டும் எல்லா அதிகாரமும் கைக்கு வந்துவிடாது; எந்தச் சட்டப் பிரிவுகளைப் பயன்படுத்தப்போகிறோம் என்று பெயர் சொல்ல வேண்டும். அதை அறிவிப்பிலேயே சொல்லலாம், பிறகு வரும் நிர்வாக ஆணையிலும் சொல்லலாம். அதாவது பழைய அவசரநிலை ஒன்றின்மேல் புதிய அதிகாரத்தைச் சத்தமில்லாமல் ஏற்ற முடியும். ஆகவே தலைப்பைப் பார்த்து நகர்ந்துவிடாமல், முதல் பத்தியில் ‘எனக்கு வழங்கப்பட்ட அதிகாரத்தின்படி’ என்பதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் எண்களைப் படியுங்கள். 2025 ஜனவரி 20 தேதியிட்ட 10886-ஆம் பிரகடனத்தில் தெற்கு எல்லை அவசரநிலையோடு ரிசர்வ் படையினரை அழைக்கும் 12302-ஆம் பிரிவும், ராணுவக் கட்டுமானத்துக்கான 2808-ஆம் பிரிவும் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளன.

அதே பிரகடனம்தான் ‘ஏப்ரல் 20 அன்று ராணுவச் சட்டம்’ என்ற பேச்சையும் கிளப்பியது. உரையில் உள்ளது இவ்வளவுதான்: பாதுகாப்புத் துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இரண்டின் அமைச்சர்களும் 90 நாட்களுக்குள் எல்லை நிலவரம் பற்றிக் கூட்டறிக்கை தர வேண்டும், கிளர்ச்சிச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா என்பது உள்ளிட்ட பரிந்துரைகளும் அதில் இருக்க வேண்டும். ஆக, 90 நாள் என்பது அறிக்கை தருவதற்கான கெடு. படை இறங்குவதற்கான நாளாக அதைப் படித்தது பிழை. அதற்காக அந்த வரி ஒன்றுமில்லாதது என்று தள்ளிவிடவும் கூடாது. ஒரு பிரகடனத்தில் அந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பதே கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

2012 மார்ச் 16 அன்று வந்த 13603-ஆம் நிர்வாக ஆணையும் இதே மாதிரி பீதியைக் கிளப்பியது. உணவு, எரிபொருள், போக்குவரத்து எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொள்ளப்போகிறது என்று பேச்சு. ஆணையின் கடைசிப் பகுதிக்குப் போனால், 1994-ஆம் ஆண்டின் 12919-ஆம் ஆணையை அது ரத்து செய்வது தெரியும். இரண்டையும் அருகருகே வைத்தால் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருக்கும். அடித்தளம் 1950-ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டம். எந்த ஆணை வந்தாலும் முதலில் ‘ரத்து’ பற்றிய பிரிவைத் தேடி, பழையதைத் திறந்து, மாறிய வரிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை. நூறு வதந்திகளுக்கு அதுவே பதில்.

இந்தத் தளத்தின் பெரிய குறை தாமதம். மேலே சொன்ன 10886-ஆம் பிரகடனம் கையெழுத்தானது ஜனவரி 20; இதழில் வந்தது ஜனவரி 29. ஒன்பது நாள்! இதைக் கொஞ்சம் குறைக்க ‘பப்ளிக் இன்ஸ்பெக்‌ஷன்’ பகுதி உதவும். அச்சாகவிருக்கும் ஆவணங்கள் வேலை நாட்களில் கிழக்கு நேரம் காலை 8:45-க்கு அங்கே பிடிஎஃப் ஆக ஏறும். சிறப்புத் தாக்கல்கள் அதன் பிறகும் வரும். அதற்குச் சந்தா தனி. இதழுக்கு மட்டும் பதிந்துவிட்டு இதையும் சேர்த்துப் பதிந்ததாக நினைத்துவிட வேண்டாம். உடனடிச் செய்திக்கு வெள்ளை மாளிகைத் தளத்தைப் பார்த்து, சரியான உரைக்கு இங்கே வருவதுதான் நடைமுறை. மேற்கோள் காட்டும்போது திரையில் தெரியும் பக்கத்தை நகலெடுக்காமல் பிடிஎஃப் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். சட்டப்படி செல்லுபடியாகும் பதிப்பு அதுதான்.

அடுத்த குறை, எல்லாமே இங்கே வராது என்பது. நிர்வாக ஆணைகளையும் பிரகடனங்களையும் வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மத்திய அலுவலகங்களை மட்டுமே கட்டுப்படுத்தும் ஆணைகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. குறிப்பாணைகளுக்கு (‘மெமொராண்டம்’ என்ற பெயரில் குடியரசுத் தலைவர் இடும் உத்தரவுகள்) அந்தக் கட்டாயமே இல்லை. 2025 ஜூன் 7 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் 12406-ஆம் பிரிவின்கீழ் குறைந்தது 2,000 காவல்படையினரை 60 நாட்களுக்கு அழைத்தது குறிப்பாணை வடிவில்தான். அதில் எந்த நகரத்தின் பெயரும் இல்லை, கிளர்ச்சிச் சட்டமும் இல்லை. பிரகடனங்களை மட்டும் கண்காணித்தவர் அதைக் கோட்டை விட்டிருப்பார். நெருக்கடிக்கென்று முன்கூட்டியே எழுதி ரகசியமாக வைக்கப்படும் வரைவு ஆணைகளும் இருக்கின்றன. எந்த அரசிதழிலும் அவை வருவதில்லை. மாநில ஆளுநர்கள் தங்கள் காவல்படைக்கு இடும் உத்தரவுகளை அந்தந்த மாநிலத்தின் பதிவிதழில்தான் தேட வேண்டும்.

குறிப்பாணைகளுக்கு ஒரு மாற்று, கவ்இன்ஃபோவில் உள்ள குடியரசுத் தலைவர் ஆவணங்களின் தினத்தொகுப்பு. நாடாளுமன்றத்துக்கு அவர் எழுதும் கடிதங்களும் அதில் சேரும். ஒரு குறிப்பாணை கிடைத்ததும் அதில் மூன்று விவரங்களைக் குறித்து வையுங்கள்: எந்தப் பிரிவு, எத்தனை பேர், எத்தனை நாள். நாள் முடியும் தேதியை நாட்காட்டியில் போட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க நீட்டிப்பு வருகிறதா என்று பாருங்கள்.