உப்புக் காற்றில் ஓடும் ஒற்றைக் கதவு பிரிட்ஜ்

மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. இங்கே இரும்பில் எதை வாங்கினாலும் துருவுக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். ஜன்னல் கம்பி, கதவுக் கொண்டி, சைக்கிள் செயின் எதுவும் தப்பாது. அப்படிப்பட்ட இடத்தில் 2012-இல் வாங்கிய 190 லிட்டர் ஒற்றைக் கதவு பிரிட்ஜ் இன்னும் ஓடுகிறது என்றால், எந்தக் கம்பெனி என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கம்பெனியைச் சொல்லிப் பயனில்லை. அந்த மாடல் இப்போது வருவதில்லை. அது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லாததுதான். ஒரு கம்ப்ரசர், தெர்மோஸ்டாட், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே, அது அதிகம் சூடானால் நிறுத்தும் ஓவர்லோடு, ஒரு பல்பு. விசிறி கிடையாது, ஹீட்டர் கிடையாது, எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. கெட்டுப்போக இருப்பதே நாலைந்து சாமான்கள். அத்தனையும் நாகர்கோவிலில் கிடைக்கும்.

ஒரு கோடையில் குளிர்ச்சி நின்றுபோனது. முதலில் வந்த மெக்கானிக் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “கேஸ் போய்விட்டது அக்கா, சார்ஜ் செய்ய வேண்டும்” என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார். குழாய்க்குள் சுற்றிக் குளிர்விக்கும் அந்தக் கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும், மீதி இடம் வெறுமனே கிடக்கும். எங்கள் பெட்டியோ ‘உம்’ என்று சில விநாடி முனகி, ‘டக்’ என்று அடங்கி, சிறிது நேரம் கழித்து மறுபடியும் முனகியது. கம்ப்ரசர் கிளம்பவே இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். தக்கலையிலிருந்து வந்த இன்னொரு தம்பி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ரிலேயை உருவி என் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே எதுவோ உடைந்து கலகலத்தது. ஸ்டார்ட் ஆகும்போது மின்சாரத்தை உள்ளே விடும் சின்ன வில்லை அதற்குள் இருக்கிறது; அது நொறுங்கியிருந்தது. கம்ப்ரசரின் முள்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்ததையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். ஆன செலவு, அன்று வாங்கிய நெய்மீனின் விலைக்கும் குறைவு. அதிலிருந்து, பின்பக்கம் பார்க்காமல் கேஸ் என்று சொல்கிறவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

ரிலே போனதற்கு உப்பு பாதிக் காரணம் என்றால் கரண்ட் பாதிக் காரணம். ஆனி, ஆடிச் சாரலில் தென்னை ஓலை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போகும், வரும், மறுபடியும் போகும். கம்ப்ரசர் நின்றதும் உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் ஏறியிருக்கும். மெல்லிய கேப்பிலரிக் குழாய் வழியாக அது சமமாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கம்ப்ரசரால் கிளம்ப முடியாது, முனகிச் சூடாகும். ஆகவே ஸ்டெபிலைசர் வாங்கும்போது மூன்று நிமிடமாவது தாமதித்து மின்சாரம் விடுகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். வோல்டேஜைச் சரிசெய்வதைவிட இந்தத் தாமதத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. கரண்ட் வர நாட்கள் ஆயின. இந்த மாதிரிப் பெட்டியில் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரத்துக்குக் கீழ்த்தட்டுச் சாமான்களை நம்பலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது. இருந்த மீனைப் பொரித்துத் தீர்த்தோம், பிளக்கைப் பிடுங்கினோம், உட்புறத்தைத் துடைத்துக் காயவிட்டுக் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்தோம். மூடிப்போட்ட பெட்டிகளில் பூஞ்சை பிடித்து, அந்த நாற்றம் மாதக்கணக்கில் போகவில்லை என்று தெருவில் பலர் புலம்பினார்கள்.

பராமரிப்பு என்று நான் செய்வதில் முக்கியமானது பின்பக்கக் கறுப்புக் கம்பிவலைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கேஸ் பெரும்பாலும் கசிவது குழாய்கள் பற்றவைத்த இணைப்புகளில். அந்த இடங்களில் துரு எழுமுன் சுரண்டி பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். சுவருக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடு வெளியேறும், துடைக்கக் கையும் போகும். இப்போது வரும் பல மாடல்களில் இந்த வலை பெட்டியின் பக்கத் தகட்டுக்குள் மறைந்திருக்கிறது. பார்க்க அழகுதான், உப்பும் நேராகப் படாது. ஆனால் உள்ளே கசிந்தால் தொட முடியாது. பழைய குழாயைத் துண்டித்துவிட்டு, வெளியே ஒரு வலையை மாட்டித்தான் ஓட்டுவார்கள்.

கம்ப்ரசர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. ஃப்ரீசர் உருகிய தண்ணீர் அங்கே வந்து நிற்கும், டெங்கு கொசு அதில் சுகமாக முட்டையிடும். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் நேராகப் பிரிட்ஜின் பின்னால் போய் நிற்பது அதற்காகத்தான். வாரம் ஒருமுறை கொட்டித் துடைத்துவிடுங்கள். அந்தச் சூட்டுக்கு ஒதுங்கும் பல்லி ரிலேக்குள் நுழைந்து, தானும் செத்து ரிலேயையும் கெடுப்பது இங்கே சகஜம். பக்கவாட்டு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஐஸ் விரல் கனம் ஏறுவதற்கு முன்பே, இரவில் தெர்மோஸ்டாட் நடுவிலுள்ள பொத்தானை அழுத்திவிடுவேன். உருகியதும் அது தானாக வெளியே வந்து கம்ப்ரசரை ஓட்டும். ஒட்டிக்கொண்ட சாளைப் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பிய என் அக்கா வீட்டில் அலுமினியத் தகடு ஓட்டையாகி மொத்தக் கேஸும் புஸ்ஸென்று போயிற்று. அந்தத் தகட்டுக்குள்ளேயே குழாய் ஓடுகிறது. ஒட்டுப் போட்டாலும் நிற்பது அபூர்வம். புதுப் பெட்டிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்ற கேஸ், சமையல் கேஸ் வகையைச் சேர்ந்தது, தீப்பிடிக்கும். எங்களுடையதில் இருப்பது பழைய ஆர்-134ஏ. இதில் நிரப்பும் எடையில் பாதிகூட ஆர்-600ஏ-வுக்குத் தேவைப்படாது. எடை பார்க்காமல் கைக்கணக்கில் கேஸ் அடிக்கிறவரிடமும், ஃபில்டரை மாற்றாமல் வாக்கம் போடாமல் (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்காமல்) வேலையை முடிக்கிறவரிடமும் புதுப் பெட்டியைக் கொடுக்கவே கூடாது.

கதவு ரப்பர் தளர்ந்தால் ஒரு ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கிறேன். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெந்நீர்த் துணியை ஒற்றி, ரப்பரை நீவிவிடுவேன். பெரும்பாலும் படிந்துவிடும், கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மீன் வாடைக்குச் சிரட்டைக்கரி ஒரு கிண்ணம். கருவாட்டுக்கு எதுவும் எடுபடாது, அதை உள்ளே வைப்பதே இல்லை.

இப்போது கீழ்ச்சட்டத்தில், கால் திருகும் இடத்தில் தகடு பொரிந்து உதிர ஆரம்பித்திருக்கிறது. கம்ப்ரசர் போனால் வேறு போட்டு ஓட்டுவேன். அந்தச் சட்டம் கம்ப்ரசரின் எடையைத் தாங்காமல் தொய்ந்துவிட்டால் பழைய சாமான் கடைக்குத்தான். அடுத்து வாங்குவதும் ஒற்றைக் கதவுதான். வலை வெளியே இருக்கிற மாடலாகத் தேடுவேன்.