உப்பைத் தாங்க எது: முருங்கைச் சாறா, கடற்பாசிச் சாறா?

உப்பு மண்ணில் பயிர் தாக்குப்பிடிக்க எந்தச் சாறு நல்லது என்றால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு முருங்கைக்கு. இரண்டையும் தக்காளி, மிளகாயில் தெளித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எந்தச் சாறும் மண்ணிலிருந்து உப்பை எடுக்காது. அதற்கு நல்ல தண்ணீர் விட்டு வடிக்க வேண்டும். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் போட வேண்டும். வேர் தண்ணீர் இழுக்கத் திணறும்போதும், பொட்டாசியம் போக வேண்டிய இடத்தில் சோடியம் புகுந்துகொள்ளும்போதும் செடி கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கச் சாறு உதவும், அவ்வளவுதான்.

கடற்பாசிச் சாற்றில் பீட்டெய்ன், மேனிட்டால் போன்ற, செல்லில் தண்ணீரைத் தக்கவைக்க உதவும் பொருட்கள் இருக்கின்றன. பாட்டிலில் கிடைக்கும், லேபிளில் உள்ள அளவுக்குக் கலந்து அடிக்கலாம். எந்தப் பாசி, எப்படிப் பிழிந்தது என்பதைப் பொறுத்துச் சரக்குக்குச் சரக்கு மாறும். மற்றபடி வசதியான பொருள்.

முருங்கை இலையில் சைட்டோகைனின் என்ற செடி ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஜியாட்டின் உண்டு. வைட்டமின் சி, பொட்டாசியம், கால்சியமும் உண்டு. உப்பில் நிற்கும் செடிக்கு இலை சீக்கிரமே மஞ்சளாகி முதிர்ந்துவிடும். அதைத் தள்ளிப்போடுவது சைட்டோகைனினின் வேலை. இளந்தளிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, பிழிந்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி, 1 லிட்டர் சாற்றுக்கு 30 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் தெளிக்கும் பதம். ஒரு தடவை மட்டும் வடித்தால் நாசிலில் பச்சைத் திப்பி அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். கலக்கும் தண்ணீரே உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். இதற்காவது மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான சங்கதி: சாறு கெடும் வேகம். பிழிந்த சாற்றைச் சுமார் 5 மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உறைய வைக்க வேண்டும். காலையில் பிழிந்ததை மறுநாள் மோந்து பார்த்தால் புளித்த வாடை வரும். பெரிய பரப்புக்கு ஒவ்வொரு தெளிப்புக்கும் இலை பறித்து அரைப்பது நடக்கிற காரியமா என்றால், ஆள் பலம் இல்லாதவர்களுக்கு நடக்காது. அவர்கள் பேசாமல் கடற்பாசிக்கே போகலாம்.

அப்படியும் நான் முருங்கையை விடாததற்குக் காரணம் விதை ஊறவைப்பு. பல பயிர்கள் உப்பிடம் அதிகம் அடிவாங்குவது முளைவிடும்போதும் நாற்றுப் பருவத்திலும்தான். விதையை ஊறவைக்கக் கொஞ்சம் சாறு போதும், அதையும் ஒரே தடவை பிழிந்தால் போதும். கெட்டுப்போகும் பிரச்சினை அங்கே எழுவதே இல்லை. நீர்த்த சாற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்த பாத்தியில் முளைப்பு ஒரே சீராக வந்தது. பூக்கும் பருவத்துத் தெளிப்புக்கு, முன்பே பிழிந்து உறைய வைத்ததை எடுத்துக்கொள்கிறேன். உறைந்த சாறு புதுச் சாற்றுக்கு ஈடாகுமா என்று அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. நெல்லிலும் எனக்கு அனுபவம் கிடையாது.

பயிர் எது என்பதும் பெரிய விஷயம். மண்ணைத் தண்ணீரில் குழைத்து வடித்த நீரின் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவு) மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸில் மகசூல் குறையத் தொடங்கும், தக்காளி 2.5 வரையும் பார்லி 8 வரையும் தாங்கும். 4, 5 காட்டும் மண்ணில் பீன்ஸைப் போட்டுவிட்டு எந்தச் சாறு அடிக்கலாம் என்று யோசிப்பதைவிட, பயிரை மாற்றுவதுதான் மலிவு.