லு மான் 24 மணி நேரப் பந்தயம்: ‘முழுப் பொதி’க்குப் பணம் கட்டும் முன் வாசியுங்கள்

பிரான்சின் லு மான் நகரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறும் 24 மணி நேர மகிழுந்துப் பந்தயத்தை முதன்முறையாக நேரில் பார்க்கச் செல்ல நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தனது பிரிவில் மூன்றாம் இடம் பெற்றதிலிருந்து, இத்தகைய பந்தயங்களைப் பார்க்கும் ஆவல் நம்மவர்களிடையே பெருகியிருக்கிறது. அந்த ஆவலை நம்பித் தொழில் நடத்தும் ஒருவரிடம், பாரிஸ் புறநகரில் வாழும் எங்கள் குடும்பமும் உறவினர் சிலரும் பணம் கட்டி ஏமாற்றப்பட்டோம். எங்கள் முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் கையாண்ட முறையைச் சொன்னாலே, அதே வழியில் வேறொருவர் வந்தாலும் உங்களால் இனங்காண முடியும்.

வாட்ஸ்அப் குழுவொன்றில் தமிழிலேயே வந்த அவருடைய விளம்பரம், ‘முழுப் பொதி’ என்ற பெயரில் நான்கு வசதிகளுக்கு உறுதி கூறியது. கிராண்ட்ஸ்டாண்ட் எனப்படும் படிவரிசைப் பார்வையாளர் அரங்கில் இருக்கை, பந்தயத் தடத்தில் கார்கள் மிக வேகமாகச் செல்லும் நீண்ட நேர்ச்சாலையின் ஓரத்தில் கூடாரமிட இடம், பாரிஸிலிருந்து போகவரப் பேருந்து, களைத்தவர்கள் இரவில் அந்தப் பேருந்திலேயே உறங்கும் வசதி என்பனவே அவை. விலை, பொது நுழைவுச் சீட்டின் விலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். சீட்டுகளை முன்கூட்டியே காட்டும்படி என் மனைவி கேட்டபோது, “அக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, பஸ்ஸில ஏறினதும் கையில தருவன்” என்று பதில் வந்தது. பேருந்தில் எங்கள் கைக்கு வந்தவை பொது நுழைவுச் சீட்டுகள் மட்டுமே. கிராண்ட்ஸ்டாண்ட் எங்கே என்று கேட்டதற்கு, அந்தச் சீட்டிலேயே எல்லாம் அடங்கும், உள்ளே போய் விரும்பிய இடத்தில் அமரலாம் என்றார்.

அது முழுப் பொய். 1923 முதல் இப்பந்தயத்தை நடத்திவரும் ஏசிஓ என்னும் மோட்டார் கழகம், பொது நுழைவையும், எண்ணிடப்பட்ட கிராண்ட்ஸ்டாண்ட் இருக்கையையும், முகாமிடும் இடத்தையும் தனித்தனியாகவே விற்கிறது. கிராண்ட்ஸ்டாண்டில் அமர விரும்புபவரிடம் பொது நுழைவுச் சீட்டும் இருக்க வேண்டும், இருக்கைக்கான சீட்டும் இருக்க வேண்டும். இப்படித் தனித்தனியாக விற்கப்படுவது முதன்முறை செல்பவர்களுக்குத் தெரிந்திருக்காது என்பதுதான் இத்தகைய விற்பனையாளர்களின் மூலதனம். நுழைவாயிலில் சீட்டு செல்லுபடியாகிவிடுவதால், ஏமாற்றப்பட்டதை நாம் உணர்வது கிராண்ட்ஸ்டாண்டின் படிக்கட்டில் காவலர் தடுக்கும்போதுதான்; அதற்குள் விற்றவரின் தொலைபேசி அணைந்துவிடும். எங்களுக்கு அப்படியே நடந்தது.

விளம்பரத்தை உண்மை விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது எழுதப்பட்ட நாளிலேயே நிறைவேற்ற முடியாத ஒன்றாக இருந்தது தெரிகிறது. பந்தயத் தடத்தின் ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர் நீளமானது. அதன் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஊர் வாகனங்கள் ஓடும் பொதுச் சாலை. 1990 முதல் இரண்டு இடங்களில் வேகத்தைக் குறைக்கும் வளைவுகள் அமைக்கப்பட்டிருந்தும் கார்கள் இன்றும் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற நேர்ச்சாலையின் ஓரம், பொதுப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. அங்கே கூடாரம் என்று ஒருவர் சொன்னால், அவர் தடத்தின் வரைபடத்தைக்கூடப் பார்த்ததில்லை அல்லது நீங்கள் பார்த்ததில்லை என்று நம்புகிறார். எங்களுக்குக் காட்டப்பட்ட இடம், தடத்திலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஒரு விவசாயியின் வயல். குடிநீர்க் குழாயோ கழிப்பறையோ அங்கே இல்லை.

பேருந்து பற்றிய வாக்குறுதி இதைவிடக் கொடியது, ஏனெனில் அதில் முதியவர்களும் பிள்ளைகளும் அகப்பட்டுக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி பேருந்து ஓட்டுநருக்கு நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும். குறைத்தாலும் 9 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரே ஓட்டுநருடன் வந்த வண்டி இரவு முழுவதும் எங்களுக்காகத் திறந்திருக்கும் என்று சொன்னவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தன்னிடம் அப்படி எந்த ஏற்பாடும் சொல்லப்படவில்லை என்று ஓட்டுநர் பண்போடு விளக்கிவிட்டு, மாலையிலேயே வண்டியைப் பூட்டிக்கொண்டு ஓய்வெடுக்கச் சென்றார். அவர்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஜூன் மாதத்தில் அங்கே இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறைகிறது. பகல் வெயிலை நம்பி மெல்லிய உடையில் இருந்தவர்கள், கம்பளி உடைகளைப் பேருந்தில் விட்டுவிட்டதால் விடியும்வரை குளிரில் நடுங்கினார்கள். என் மாமியார் உணவுக் கடையொன்றின் பின்புறத்தில் அட்டைப்பெட்டி விரித்து அமர்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

இடைத்தரகர் எவரும் இல்லாமலே இந்தப் பயணத்தைச் சிறப்பாகச் செய்ய முடியும் என்பதுதான் வேதனை. பாரிஸின் மொம்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேகத் தொடருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லு மான் சென்றுவிடலாம்; அங்கிருந்து டிராம் வண்டி தடத்தின் அருகிலுள்ள ‘அந்தாரேஸ்’ முனையம் வரை செல்கிறது. பொது நுழைவுச் சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள்கூட தடத்தின் டன்லப் பாலத்திலிருந்து தெர்த்ர் ரூஜ் வளைவு வரையுள்ள புல்மேடுகளில் நின்று மிக அருகில் பார்க்கலாம்; என் கருத்தில் பல கிராண்ட்ஸ்டாண்டுகளைவிட அது மேலானது. பந்தயம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்குவதால், நண்பகலுக்கு முன்பே இடம் பிடித்துவிட வேண்டும். பிள்ளைகளின் காதுகளுக்குப் பாதுகாப்பு உறை, மழைக்கவசம், கம்பளி உடை ஆகியவற்றை எந்த வண்டியிலும் விடாமல் தோளிலேயே வைத்திருங்கள். சிறு வானொலி இருந்தால் 91.2 எஃப்எம்மில் ஆங்கில வருணனை கேட்கலாம். மூன்று பிரிவுக் கார்கள் ஒரே தடத்தில் ஓடும்போது யார் முன்னிலையில் இருக்கிறார் என்பதை அதுவே தெளிவாக்கும்.

சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடுவது உண்மைதான். அதைக் காட்டித்தான் இவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ஆனால் அமைப்பாளரின் அனுமதியின்றி விளையாட்டு நிகழ்ச்சிகளின் சீட்டுகளை வழக்கமாக மறுவிற்பனை செய்வது பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 313-6-2 ஆம் பிரிவின்படி 15,000 யூரோ வரை அபராதத்துக்குரிய குற்றம். ஆகவே அதிகாரபூர்வ விற்பனையில் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்பவரிடம், கழகத்தின் எழுத்துமூல அங்கீகாரத்தையும் சீட்டுகளின் படியையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

நாங்கள் காவல் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்ததோடு, நுகர்வோருக்கான அரசின் சிக்னல்கொன்சோ தளத்திலும் பதிவு செய்திருக்கிறோம். வங்கி அட்டை மூலம் கட்டிய உறவினரின் தொகையைத் திரும்பக் கோரும் நடைமுறையை அவருடைய வங்கி தொடங்கியிருக்கிறது; கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பிய எங்களுக்கு அந்த வழி இல்லை. வரும் ஜூனுக்காக இத்தகைய ஒருவரிடம் ஏற்கெனவே அட்டை மூலம் பணம் கட்டியிருப்பவர்கள், பந்தய நாள்வரை காத்திராமல் இன்றே சீட்டின் படியைக் கேளுங்கள். அவர் தர மறுத்தால், உரையாடல்களையும் விளம்பரத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டு உடனே வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள். இத்தகைய கோரிக்கைகளுக்குக் காலவரையறை உண்டு.